சேர்மானம் இல்லாத கோன்யாக்: சுவைத்து மதிப்பிடும் முறை

கோன்யாக் பாட்டிலுக்குள் திராட்சை ஒயினை வடித்த சாராயமும் தண்ணீரும் போக இன்னும் மூன்று பொருள்கள் இருக்கச் சட்டம் இடம் தருகிறது. சர்க்கரைப் பாகு, நிறத்துக்கான காரமெல், ஓக் மரச் சிராய்களை ஊறவைத்துக் காய்ச்சி எடுக்கும் ‘புவாசே’ என்கிற கஷாயம். மூலப்பொருள் பட்டியலை லேபிளில் அச்சிட்டாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆகவே கடை அலமாரியில் அடுக்கியிருப்பதில் எதற்குள் என்ன இருக்கிறது என்பது தயாரித்தவருக்குத்தான் வெளிச்சம்.

இதைக் கலப்படம் என்று சொல்லிவிடவும் முடியாது. லட்சக்கணக்கான பாட்டில்களை வருடா வருடம் ஒரே நிறத்தில், ஒரே ருசியில் தர வேண்டியவர்களுக்குப் பீப்பாய்க்குப் பீப்பாய் மாறும் நிறம் பெரிய தலைவலி. காரமெல் அதைச் சமன் செய்கிறது. இளம் சாராயத்தின் முரட்டுத்தனத்தைச் சர்க்கரை அடக்குகிறது. மரத்தில் கிடந்த காலத்தைப் புவாசே கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது. எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டது, பல தலைமுறைப் பழக்கம்.

இந்த அத்தியாயம் அந்த மூன்றும் இல்லாத பாட்டிலைப் பற்றியது. ஹென்னெஸி, மார்ட்டெல், ரெமி மார்ட்டின், கூர்வோசியே ஆகிய நான்கு பெயர்களுக்குள் கோன்யாக் விற்பனையின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் சிறு பங்கில்தான், சொந்தத் தோட்டத்துத் திராட்சையைச் சொந்த வாலையில் வடித்து, சொந்தக் கிடங்கில் முதிரவைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் சிலர் எதையும் சேர்ப்பதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையும் சேர்க்கவில்லை என்பதாலேயே ஒரு கோன்யாக் நல்லதாகிவிடாது. மட்டமாக வடித்ததில் எதையும் சேர்க்காவிட்டால் அதுவும் மட்டமான சரக்குதான். சேர்மானம் இல்லாத பாட்டிலின் அனுகூலம் வேறு இடத்தில் இருக்கிறது. வடித்தவர் கை, மரம், கிடங்கு, காலம் ஆகிய நான்கும் செய்த நல்லதும் கெட்டதும் ஒளிய இடமில்லாமல் நாக்குக்கு நேரே வந்து நிற்கும். மதிப்பிட உட்காருகிறவருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

நம்மூர் நாக்குக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஐரோப்பியச் சட்டப்படி பிராந்தி என்றால் ஒயினை வடித்தது. இங்கே பிராந்தி என்ற பெயரில் விற்பதில் பெரும்பாலானது கரும்பு மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் கூட்டியது. செம்பழுப்பு நிறம், வெனிலா இனிப்பு, தொண்டைச் சூடு. நல்ல சரக்கின் இலக்கணம் இதுதான் என்று பழகிய நாக்கோடு உட்கார்ந்தால், சிறு தயாரிப்பாளரின் இருபது வருடக் கோன்யாக் வெளிறிப்போனதாகவும் வறண்டதாகவும் படும். அளவுகோலை மாற்றிக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

ருசியாக மாறும் சங்கதிகள்

தயாரிப்பு முறையை முழுக்க விவரிக்கப் போவதில்லை. கிண்ணத்தில் கண்டுபிடிக்கக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

பிரான்ஸின் மேற்கே ஷராந்த், ஷராந்த் மாரிட்டீம் ஆகிய இரு மாவட்டங்களும் ஓரங்களில் சிறிதளவு நிலமும் சேர்ந்ததுதான் கோன்யாக் பிரதேசம். 1909-இல் எல்லை வகுத்தார்கள். 1938-இல் உள்ளே ஆறு வட்டாரங்களாகப் பிரித்தார்கள். நடுவில் சுண்ணாம்பு மண் கொண்ட கிராண்ட் ஷாம்பெயின், அதைச் சுற்றிப் பெத்தீத் ஷாம்பெயின், வடக்கே சின்னஞ்சிறு போர்டரீ, பிறகு ஃபேன் புவா, போன் புவா, கடலோரம் வரை போகும் புவா ஓர்டினேர். ஷாம்பெயின் என்ற பெயரைப் பார்த்து நுரைக்கும் ஒயினை நினைக்க வேண்டாம். அந்தப் பிரதேசமே வேறு. கிராண்ட் ஷாம்பெயின் சரக்கு மெதுவாக முதிரும், நீண்ட காலம் மரத்தைத் தாங்கும். இளமையில் அது கடுகடுவென்றிருக்கும். ஃபேன் புவா சீக்கிரம் பழுக்கும், பழவாசம் முன்னால் நிற்கும். போர்டரீக்கு வயலெட் பூ மணம் என்று பெயர். சேர்மானம் இல்லாத சரக்கில் இந்த வேறுபாடு தெளிவாகவே கிடைக்கும்.

திராட்சை பெரும்பாலும் யூனி பிளான் என்ற வெள்ளை வகை. ஃபோல் பிளான்ஷும் கொலம்பாரும் பழைய வகைகள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலோக்ஸெரா பூச்சி தோட்டங்களை அழித்தபின் அவை பின்னுக்குப் போயின. வடிப்பதற்கான ஒயினில் ஆல்கஹால் 9 சதவீதம் மாதிரி, புளிப்பு அதிகம், குடிக்க ஒன்றுமில்லாதது. அதில் சர்க்கரை சேர்க்கத் தடை. கந்தகமும் போடுவதில்லை, வடிக்கும்போது அதுவும் ஏறி வந்து சரக்கைக் கெடுக்கும் என்பதால். காப்பது புளிப்புதான்.

செம்பு வாலையில் இரண்டு முறை வடிக்கிறார்கள். முதல் வடிப்பில் 28 முதல் 32 சதவீதத்தில் கலங்கலான ஒரு சரக்கு வரும். அதை மறுபடி வாலையில் ஏற்றி, முதலில் வரும் தலையையும் கடைசியில் வரும் வாலையும் ஒதுக்கி, நடுவில் ஓடும் இருதயத்தை மட்டும் 70 சதவீதத்தைச் சுற்றிய வலிமையில் பிடிக்கிறார்கள். அறுவடைக்கு அடுத்த மார்ச் 31-க்குள் வடிப்பு முடிந்தாக வேண்டும். ஒரு லிட்டர் சாராயத்துக்கு ஏறக்குறைய ஒன்பது லிட்டர் ஒயின் போகிறது. தலையிலிருந்து இருதயத்துக்கு எப்போது மாற்றுவது, இருதயத்தை எப்போது நிறுத்துவது என்பது வடிப்பவரின் மூக்கு எடுக்கும் முடிவு. அவர் கொஞ்சம் பேராசைப்பட்டால் முப்பது வருடம் கழித்தும் அது கிண்ணத்தில் தெரியும். நொதித்த ஈஸ்ட் வண்டலோடு சேர்த்து வடிப்பவர்களும் உண்டு, வண்டலை நீக்கி வடிப்பவர்களும் உண்டு. வண்டலோடு வடித்தது வாயில் தடிமனாக, கொழுப்பாக நிற்கும்.

பிறகு ஓக் பீப்பாய். லிமூசான் காட்டு மரம் பெருந்துளை கொண்டது, துவர்ப்பை நிறையத் தரும். ட்ரோன்சே காட்டு மரம் நெருக்கமான இழை, மென்மையானது. புதுப் பீப்பாயில் சில மாதங்கள் வைத்துவிட்டுப் பழைய பீப்பாய்க்கு மாற்றுவது வழக்கம். புதியதில் எவ்வளவு காலம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஈரக் கிடங்கில் ஆல்கஹால் அதிகம் ஆவியாகி, சரக்கு உருண்டு திரண்டு வரும். உலர்ந்த கிடங்கில் தண்ணீர் அதிகம் போய்ச் சற்று இறுகி, கூர்மையாக நிற்கும். வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் இப்படி ஆவியாகிறது. அந்த ஆவியைத் தின்று வளரும் ஒரு பூஞ்சை கிடங்குகளின் சுவரையும் கூரையையும் கரி பூசியதுபோல் கறுப்பாக்கி வைத்திருக்கிறது. ஊருக்குள் நுழைந்தால் யார் வீட்டில் சரக்கு இருக்கிறது என்று ஓட்டைப் பார்த்தே சொல்லலாம். வரி அதிகாரிக்கும் அது தெரிந்த சங்கதிதான்.

லேபிள் எழுத்துகளின் கணக்கு: கலவையில் உள்ள ஆக இளைய சரக்கின் வயது வி.எஸ். என்றால் குறைந்தது 2 வருடம், வி.எஸ்.ஓ.பி. 4, நெப்போலியன் 6, எக்ஸ்.ஓ. 10. எக்ஸ்.ஓ.வுக்கு முன்பு 6 வருடமே போதுமானதாக இருந்தது. 2018-இல்தான் 10 ஆக்கினார்கள். ஆகவே பழைய இருப்பில் உள்ள எக்ஸ்.ஓ. பாட்டிலை வாங்கும்போது பாட்டிலில் அடைத்த ஆண்டைப் பார்ப்பது நல்லது. சிறு தயாரிப்பாளர்கள் இந்தக் குறைந்தபட்சத்தை அநேகமாகத் தாண்டியே நிற்பார்கள். கண்ணாடிக்குள் போனபின் கோன்யாக்குக்கு வயது ஏறாது. 1980-இல் அடைத்த பத்து வருடச் சரக்கு இன்றைக்கும் பத்து வருடச் சரக்குதான்.

வாங்குமுன்

‘இயற்கையானது’, ‘பாரம்பரிய முறை’ போன்ற சொற்களுக்கு லேபிளில் எந்த எடையும் இல்லை. தயாரிப்பாளரிடமோ இறக்குமதியாளரிடமோ நேரடியாகக் கேளுங்கள். கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும்: சர்க்கரை சேர்த்திருக்கிறீர்களா? காரமெல்? புவாசே? “நாங்கள் எதுவும் சேர்ப்பதில்லை” என்று பொதுவாகச் சொல்பவர், பிரித்துக் கேட்டால், “நிறத்துக்கு மட்டும் கொஞ்சம்” என்பார். அதில் பொய் எதுவும் இல்லை. அவரைப் பொறுத்தவரை காரமெல் சேர்மானமே அல்ல.

அடுத்து, பாட்டிலில் அடைக்குமுன் வலிமையை எப்படிக் குறைத்தார்கள் என்று கேளுங்கள். பீப்பாயிலிருந்து எடுக்கும்போது 55 சதவீதம் இருப்பதை 40-க்குக் கொண்டுவர வேண்டுமானால், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் சேர்க்க வேண்டும். சட்டென்று ஊற்றினால் சோப்பு ருசி வந்துவிடும். இந்தக் கேள்விக்கு நல்ல தயாரிப்பாளர் உற்சாகமாகப் பதில் சொல்வார், நிறுத்துவதுதான் கஷ்டம். குளிர்வித்து வடிகட்டினார்களா என்பது மூன்றாவது. வடிகட்டாத சரக்கை ஃபிரிட்ஜில் வைத்தால் லேசாகக் கலங்கும், அறை வெப்பத்தில் மறுபடி தெளியும். அது குறையல்ல. அதே சமயம் சர்க்கரை இல்லை என்பதற்கு அது சாட்சியும் அல்ல.

கிண்ணம்

சினிமாவில் பண்ணையார் உள்ளங்கையில் ஏந்திச் சுழற்றும் அந்தப் பெரிய உருண்டைக் கிண்ணத்தைப் பரணில் ஏற்றிவிடுங்கள். அதன் அகலமான வயிறு ஆல்கஹாலை மொத்தமாகக் கிளப்பி மூக்கில் அடிக்கும், மற்றதெல்லாம் பின்னால் போய்விடும். வாய் குறுகிய டியூலிப் வடிவக் கிண்ணம் வேண்டும். 20 மி.லி. போதும்.

வெப்பம் 18 முதல் 20 டிகிரி. சென்னை வெயிலில் 32 டிகிரி அறையில் எந்தக் கோன்யாக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். பாட்டிலைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும். ஐஸ் வேண்டாம். மசாலா சாப்பாட்டுக்குப் பின் மதிப்பிட உட்காராதீர்கள். பகல் பதினொரு மணி, சாப்பாட்டுக்கு முன், நாக்கு நல்ல நிலையில் இருக்கும். துப்பக் கூச்சப்பட வேண்டாம், தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புகிறார்கள். மூன்று சரக்குக்கு மேல் ஒரே அமர்வில் பார்த்தால் நான்காவதற்கு நீங்கள் எழுதும் குறிப்பை நீங்களே நம்பக் கூடாது.

கண்ணை நம்ப வேண்டாம்

நிறம் வயதைச் சொல்லாது. பழைய பீப்பாய்களில் மட்டும் இருந்த இருபது வருடச் சரக்கு வைக்கோல் மஞ்சளில் இருக்கலாம். புதுப் பீப்பாயில் நாலு வருடம் கிடந்தது தேன் நிறத்துக்கு வந்துவிடும். சந்தேகப்பட வேண்டியது, இளம் வயதில் கருஞ்சிவப்பாக, ஓரம்வரை ஒரே அடர்த்தியில் இருக்கும் சரக்கை. நல்ல அறிகுறி ஒன்று உண்டு: ஒரே தயாரிப்பாளரின் ஒரே ரகத்தில் இரண்டு வருட இடைவெளியில் அடைத்த இரண்டு பாட்டில்கள் நிறத்தில் சற்று மாறியிருந்தால் அங்கே காரமெல் வேலை செய்யவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். கிண்ணச் சுவரில் வழியும் கோடுகளைப் பார்த்துப் பரவசப்படுவது வீண்.

மூக்கு

ஊற்றியதும் சுழற்றாதீர்கள். கிண்ணத்தை மார்புக்கு நேரே பிடித்து, மெல்ல மேலே கொண்டுவாருங்கள். எந்த உயரத்தில் முதல் வாசம் எட்டுகிறதோ அங்கே நிறுத்துங்கள். நல்ல சரக்கு மோவாய் உயரத்திலேயே பேச ஆரம்பித்துவிடும். அங்கே வருவது பூவும் பழமும்: திராட்சைப் பூ, பேரிக்காய், ஆரஞ்சுத் தோல். ஆல்கஹால் மட்டும் முந்திக்கொண்டு வந்தால் பத்து நிமிடம் வைத்துவிட்டு வாருங்கள்.

பிறகு ஒரே ஒரு சுழற்று. இப்போது மூக்கைக் கிண்ண வாய்க்கு அருகே கொண்டுபோகலாம், உள்ளே விட வேண்டாம். மரம் தரும் வாசங்கள் இரண்டாவதாக எழும்: வெனிலா, கிராம்பு, பட்டை, வறுத்த முந்திரி, சுருட்டுப் பெட்டி. வயதான சரக்கில் இவற்றுக்கும் கீழே வேறொன்று கிடக்கும். அக்ரூட் எண்ணெய், காளான், மழை பெய்த தோப்பின் தரை, பழைய பாலாடைக்கட்டியின் ஓரம். ரான்சியோ என்கிறார்கள். பீப்பாயில் கொழுப்பு அமிலங்கள் மெதுவாக ஆக்ஸிஜனேற்றம் அடைவதால் வருவது. பத்து வருடத்தை ஒட்டித் தலைகாட்டும், இருபது முப்பதில்தான் நிலைபெறும். பாகாலும் புவாசேயாலும் செய்து காட்ட முடியாத வாசம் இது. மரத்தின் கசப்பு நிறைய இருந்து ரான்சியோ துளியும் இல்லை என்றால், வயது காட்டப்பட்டிருக்கிறது, ஏறவில்லை.

அரை மணி நேரம் கழித்து மறுபடி முகருங்கள். இந்த ஒரு படியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், மதிப்பீட்டில் இதற்கு முக்கியமான பங்கு இருக்கிறது. நல்ல சரக்கு மாறிக்கொண்டே போகும். அலங்கரித்த சரக்கு முதல் நிமிடம் தந்ததையே திரும்பத் தரும்.

குறிப்பு எழுதும்போது பிரெஞ்சுக்காரர்களின் சொற்களைக் கடன் வாங்காதீர்கள். அவர்கள் ஊர்க் காட்டுப்பழம் எப்படி மணக்கும் என்று தெரியாதவர் அதை எழுதி என்ன பயன்? உங்களுக்குத் தெரிந்தது நார்த்தங்காய் ஊறுகாய் என்றால் அதையே எழுதுங்கள். கருப்பட்டி, செக்கு நல்லெண்ணெய், பீரோவுக்குள் பழம்பட்டு, உலர்ந்த கறிவேப்பிலை, எல்லாம் கோன்யாக்கில் நான் கண்டதுதான்.

நாக்கு

முதல் மிடறு அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக. அது வாயைப் பழக்க மட்டும், அதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். இரண்டாவது மிடற்றை நாக்கில் பத்து விநாடி நிறுத்துங்கள்.

இங்கே இனிப்பைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். மரத்தின் வெனிலா தரும் இனிப்பு, வாசத்தின் வழியாக வருவது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தால் காணாமல் போகும். சர்க்கரையின் இனிப்பு மூக்கைப் பிடித்தாலும் நாக்கு நுனியில் நிற்கும், விழுங்கிய பின் உதடு லேசாக ஒட்டும். சேர்மானம் இல்லாத சரக்கில் பக்கவாட்டில் ஒரு சின்னப் புளிப்பும், ஈறுகளில் துவர்ப்பும் உணர்வீர்கள். அந்தத் துவர்ப்பு அளவோடு இருந்தால் அதுதான் முதுகெலும்பு.

விழுங்கியபின் கடிகாரத்தைப் பாருங்கள். எரிச்சல் அடங்கியபிறகு ருசி எவ்வளவு நேரம் இருக்கிறது, இருக்கும்போது மாறுகிறதா? நான் ஒரு சரக்குக்குத் தரும் மதிப்பில் பாதி இதற்கே போகிறது.

45 சதவீதத்துக்கு மேல் உள்ள சரக்கில் ஓரிரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். 40-இல் இருப்பதற்குத் தேவையில்லை.

சர்க்கரையை அறிய ஒரு சோதனை

படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு முறை செய்து பார்ப்பது மேல். 10 கிராம் சர்க்கரையைச் சுடுதண்ணீரில் கரைத்து மொத்தம் 20 மி.லி. ஆக்கிக்கொள்ளுங்கள். ஒரு மி.லி.யில் அரை கிராம் சர்க்கரை. மருந்துக்கடை சிரிஞ்சால் இதில் 1 மி.லி. எடுத்து, சேர்மானம் இல்லாத கோன்யாக் 50 மி.லி.யில் விடுங்கள். லிட்டருக்குச் சுமார் 10 கிராம் ஆயிற்று. இன்னொரு 50 மி.லி.யில் 1 மி.லி. வெறும் தண்ணீர் விடுங்கள். எந்தக் கிண்ணம் எது என்று வீட்டில் ஒருவரை மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.

முதல் மிடற்றில் பாகு விட்டதுதான் பிடிக்கும். எனக்கும் அப்படித்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழம் முன்னால் வரும், எரிச்சல் குறையும். மூன்றாவது நான்காவது மிடற்றில்தான் வித்தியாசம் திரும்பும். பாகு விட்டதில் கொட்டையும் புகையிலையும் மங்கி, முடிவு சட்டென்று அறுந்து, வாயில் இனிப்பு மட்டும் மிஞ்சும். தண்ணீர் விட்டது இன்னும் போய்க்கொண்டிருக்கும். மீதியை அப்படியே கிண்ணத்தில் விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். உலர்ந்த பாகுக் கிண்ணத்தின் அடியில் விரல் ஒட்டும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஆல்கஹால் ஹைட்ரோமீட்டர் உதவும். கரைந்த சர்க்கரை திரவத்தின் அடர்த்தியைக் கூட்டுவதால் கருவி ஆல்கஹாலை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். லிட்டருக்கு 4 கிராம் கரைந்திருந்தால் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். கோன்யாக் சட்டமும் இதே அளவையில்தான் பேசுகிறது: சேர்மானங்களால் வரும் இந்தக் குறைவு 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லேபிளில் 40 என்றிருந்து கருவி 37 காட்டினால் உள்ளே ஏதோ கரைந்திருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. கருவி 20 டிகிரி வெப்பத்துக்கு அளவிடப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 கூட்டிக் காட்டும். 30 டிகிரி அறையில் அளந்தால் சர்க்கரை போட்ட சரக்குகூட யோக்கியமாகத் தெரியும். இரண்டாவது, மரத்திலிருந்து இறங்கும் சாறும் கரைபொருள்தான். நாற்பது ஐம்பது வருடம் பீப்பாயில் கிடந்த சரக்கு சர்க்கரையே இல்லாமலும் ஒரு சதவீத அளவுக்குக் குறைத்துக் காட்டலாம். ஆகவே பழைய சரக்கில் சின்னக் குறைவைப் பிடித்துக்கொண்டு தயாரிப்பாளரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பத்து வருடத்துக்குள் உள்ள சரக்கில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

ஒரு பாட்டில்

இதை எழுதும்போது மேசையில் இருப்பது கிராண்ட் ஷாம்பெயினில் ஒரு குடும்பம் அடைத்த எக்ஸ்.ஓ., 43 சதவீதம். நிறம் வெளிர் தேன், எக்ஸ்.ஓ. என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஊற்றியதும் கொஞ்சம் முறைத்துக்கொண்டு நிற்கிறது: ஆல்கஹால், அதன் பின்னால் சாத்துக்குடித் தோல், அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் தோல் போய்ப் பழமே வருகிறது, கூடவே காய்ந்த மல்லிகைச் சரம். நாக்கில் முதலில் மெலிசாகத் தோன்றி ஏமாற்றுகிறது. நடுவில் ஒரு துவர்ப்பு எழுந்து, அது அடங்கும் இடத்தில் அக்ரூட் வருகிறது. நாற்பது நிமிடத்தில் மூக்கில் நல்லெண்ணெய், காளான். ரான்சியோ இளசாக இருக்கிறது, இன்னும் பத்து வருடம் பீப்பாயில் விட்டிருக்கலாம். முடிவு நீளம், கடைசியில் லேசாகக் கசப்பு. அந்தக் கசப்பைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். மரம் சற்று ஓங்கிவிட்டது என்பது உண்மைதான். மொத்தத்தில் நேர்மையான, கொஞ்சம் ஒல்லியான சரக்கு. சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் தனியாக உட்காருகிறவருக்கு வாங்கலாம். விருந்தில் ஊற்ற வேண்டாம். யாரும் அதற்கு நாற்பது நிமிடம் தரப்போவதில்லை.

குறைகள்

நகப்பூச்சு அல்லது பசை வாடை அடித்தால் தலையை வெட்டுவதில் அவசரம். அரை மணியில் அது பறந்துவிட்டால் மன்னிக்கலாம், நின்றால் குறைதான். ஈர அட்டை, வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை வந்தால் வால் உள்ளே வந்திருக்கிறது. இது போகவே போகாது. சோப்பு ருசியின் காரணத்தை மேலே சொன்னேன். பால் விடாத கடுந்தேநீர்போல் நாக்கு வறண்டால் மரம் அதிகம். புழுங்கின சாக்கு நாற்றம் கெட்ட பீப்பாயினுடையது.

சிறு தயாரிப்பாளரிடம் இந்தக் குறைகளை எதிர்பார்த்தே போக வேண்டும். அவரிடம் கலந்து சரிசெய்ய ஆயிரம் பீப்பாய்கள் இல்லை. ஒரு குறையும் இல்லாத, வழுவழுவென்ற சரக்கு வேண்டுமென்றால் பெரிய நிறுவனத்தின் எக்ஸ்.ஓ. அதைத் திறமையாகவே தருகிறது. கலவை செய்வதும் ஒரு கலைதான். நான் பார்ப்பது, குறையைக் கழித்தபின் மிஞ்சுவது எவ்வளவு என்பதை. வாடை பறந்தபின் நிற்கும் ருசி இரண்டு நிமிடம் நீடித்தால் அந்தத் தலைவாடையை மறந்துவிடுவேன். சோப்புக்கும் வாலுக்கும் மட்டும் மன்னிப்பில்லை.

நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 91-க்கும் 92-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்த மூக்கும் இரண்டு நாள் தொடர்ந்து சொல்லாது. அதற்குப் பதில் மூன்றே வரி எழுதி வையுங்கள்: ஊற்றியதும் என்ன, அரை மணியில் என்ன, விழுங்கியபின் என்ன. கூடவே பாட்டிலில் அடைத்த ஆண்டு, சதவீதம், வட்டாரம். பாட்டிலைத் திறந்த அன்றும், இரண்டு வாரம் கழித்தும், பாதி காலியானபோதும் எழுதுங்கள். திறந்த முதல் நாளில் இறுக்கமாக இருக்கும் சரக்குகள் சில, கழுத்து வரை இறங்கியதும் விரிந்து கொடுக்கும்.

திறந்த பாட்டிலை நிற்கவைத்தே வையுங்கள். ஒயினைப் போலப் படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெளிச்சம் படாத அலமாரி போதும். பாதிக்குக் கீழே வந்தபின் உள்ளே காற்று அதிகமாகி ஆறேழு மாதத்தில் பூவாசம் முதலில் போகும். அப்போது, கழுவி நன்றாக உலர்த்திய சின்ன பாட்டிலுக்கு மிச்சத்தை விளிம்புவரை நிரம்பும்படி மாற்றிவிடுங்கள். வாசம் ஏறிய பழைய மருந்து பாட்டில் மட்டும் வேண்டாம்.